சும்மா இருந்த வாய்கள்

மயிலக்காட்டூரில் தறிகள் இரவு பகல் பாராமல் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் நிறுத்தம் வந்தால் டவுன் பஸ் கண்டக்டர்கள்கூடத் தொண்டையைச் செலவழிக்காமல் கை ஜாடையிலேயே டிக்கெட் கொடுக்கப் பழகியிருந்த காலத்தில், குழந்தைவேலுவுக்கும் சுகந்திக்கும் பிறந்த ஒரே மகள் மிதுலா, பேச்சு வராத தன் வாயை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டு எங்கள் வாய்களில் பேச ஆரம்பித்தாள். அது நடந்தது ரங்கராஜ் பேக்கரியில், காலை நேரத்தில், முதல் டீ போய் இரண்டாவது டீ கொதித்துக்கொண்டிருந்தபோது.

மிதுலாவுக்குக் காது நன்றாகவே கேட்கும், சொன்னது அத்தனையும் புரியும், சிரித்தாளானால் தறிச் சத்தத்தையும் மீறி அடுத்த வீதிக்குக் கேட்கும், ஆனால் சொற்கள் மட்டும் உதடு வரைக்கும் வந்து என்ன நினைத்தோ திரும்பிப் போய்விடும். சுகந்தி ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, முடிச்சுப் போடாத வேப்பமரம் இல்லை. கடைசியில் வாரத்துக்கு ஒருமுறை ஸ்கூட்டியில் வருகிற பேச்சுப் பயிற்சி டீச்சர் ஃபிளாரன்ஸ் வந்துதான், பேசுவதற்கு வாய் ஒரு வழி, அது ஒன்றே வழி இல்லை என்று சொல்லி, கட்டம் கட்டமாகப் படம் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு நாடாவும் கட்டி, ஓர் அட்டையைச் செய்து கொடுத்தார். தண்ணீர், சோறு, பன், அம்மா, அப்பா, வேணும், வா, போகலாம், வலிக்குது, தூக்கம், இன்னும் என்று எல்லாவற்றுக்கும் ஒரு படம் இருந்தது, வலது கைப்பக்கம் கீழ் மூலையில் விரித்த உள்ளங்கை ஒன்று இருந்தது, வேண்டாம் என்பது அதற்கு அர்த்தம். எதைத் தொட்டால் என்ன நடக்கிறது என்பதை மிதுலா வெகு சீக்கிரம் பிடித்துக்கொண்டாள், அதிலும் அந்த மூலைக் கட்டத்தை அட்டையைப் பார்க்காமலே தொடப் பழகினாள், சுகந்தி ஊட்டிவிட வந்த மருந்தை அந்த ஒரே தொடலில் திருப்பி அனுப்பினாள். அவள் தொடுகிற வரைக்கும் பொறுமையாகக் காத்திருங்கள், அவளுக்காக நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டு, நிறைமாதக்காரியான ஃபிளாரன்ஸ் டீச்சர் பிரசவத்துக்கு நாகர்கோவில் போய்விட்டார்.

டீச்சர் பஸ் ஏறிய மறுநாளே சுகந்தி ஒரு காரியம் செய்தாள். எங்கள் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்தால்தான் அவளை யாரும் குறை சொல்லாமல் இருக்க முடியும். நாங்கள் நாயை விரட்டினாலும் மரியாதையாகத்தான் விரட்டுவோம், யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டோம், பாக்கலாமுங்க என்போம், பாக்கலாமுங்க என்றால் நடக்காது என்பது கேட்டவருக்கும் தெரியும், தெரிந்தும் சந்தோஷமாக டீ குடித்துவிட்டுப் போவார். அப்பேர்ப்பட்ட ஊரில், ஏற்கெனவே ஊரார் வாயில் விழுந்து எழுந்திருக்கும் பெண் குழந்தை, முதன்முதலில் எடுத்தவுடன் வேண்டாம் என்று சொன்னால் திமிர் பிடித்தது என்று பெயர் வாங்காதா என்று சுகந்தி பயந்தாள். அதனால் ஒரு கல்யாணப் பத்திரிகையிலிருந்து கைகூப்பி நிற்கும் பெண்ணின் படத்தைக் கத்தரித்து, மைதாப் பசை காய்ச்சி, அந்த உள்ளங்கையின் மேல் ஒட்டி, கீழே வணக்கம் என்று தன் கையாலேயே எழுதிவிட்டாள்.

பேக்கரியில் அன்று நடந்தது இதுதான். மிதுலா கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, பன் என்ற படத்தையும் வேணும் என்ற படத்தையும் தொட்டாள். அவளுக்குப் பக்கத்தில் தறி உரிமையாளர் சங்கச் செயலாளர் சின்னச்சாமி, சர்க்கரை வியாதிக்காரர், பேப்பர் படித்தபடி சும்மா நின்றிருந்தார். அவர் வாய் திறந்து, அவருடைய அதே கரகரத்த குரலில், ஆனால் ஒரு மரியாதைச் சொல்லும் சேர்க்காமல், பன் வேணும் என்றது. சின்னச்சாமியின் மனைவி பால் வாங்க வந்தவர் பின்னாலேயே நின்றிருந்தார், அவர் முறைத்த முறைப்பில் டீ பொங்கி வழிந்தது. சின்னச்சாமி பதறவில்லை. சட்டைப் பையில் கண்ணாடியை மடித்து வைத்துவிட்டு, மிதுலாவின் விரல் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டு, இது நான் கேட்டதில்லீங்க ரங்கராஜ், பாப்பா கேட்டது, தேங்காய் பன்னாகக் குடுங்க என்று சொல்லி, வந்த பன்னை இரண்டு கையாலும் வாங்கி மிதுலாவிடம் கொடுத்தார். மனைவி அவரை நம்பினாரா என்பது வேறு விஷயம்.

அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, மறுநாளைக்குள் ஊருக்குப் பழகியும் விட்டது. மிதுலா படத்தைத் தொட்டால் அவளுக்குப் பக்கத்தில் எந்த வாய் சும்மா இருக்கிறதோ அந்த வாய் அதைச் சொல்லும், அவ்வளவுதான். ஏன் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டியவை வேறு நிறைய இருந்தன. வெற்றிலை போட்டு மென்றுகொண்டிருக்கும் வாயில் வருமா, வராது. தூங்குகிறவன் வாயில் வருமா, வரும், ஒருநாள் பஸ்ஸில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஜவுளிக்கடைக்காரர் குறட்டையை நிறுத்தி, தண்ணி வேணும் என்றுவிட்டு மறுபடி குறட்டையைத் தொடர்ந்தார். சலூன்காரர் வாயில் வந்தது, போஸ்ட்மேன் வாயில் வந்தது, மாரியம்மன் கோயில் பூசாரி மந்திரத்துக்கும் மந்திரத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கிய இடத்தில் பன் வேணும் என்று வந்தது, அன்றிலிருந்து அம்மனுக்குப் படையலில் ஒரு பன்னும் சேர்ந்துகொண்டது. திக்குவாய் என்று எல்லோரும் கேலி செய்கிற நூல் வியாபாரி மயில்சாமியின் வாயில் போகலாம் என்ற சொல் ஒரு தடங்கலும் இல்லாமல் முழுசாக வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார், பிறகு பாப்பாவை எங்கே போகவேண்டுமோ அங்கே தானே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவள் வீதியில் வருகிறாள் என்றால் நாங்கள் வாயிலிருப்பதைத் துப்பிவிட்டு, பேச்சைப் பாதியில் நிறுத்தி, வாயைக் காலியாக வைத்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தோம். அந்தச் சொல் வரும்போது நாக்கின் அடியில் ஒரு குளிர்ச்சி வரும், மோர் குடித்ததுபோல் இருக்கும், அதற்காகவே அவள் வழியில் போய் நின்றவர்கள் உண்டு. நாள் முழுக்க வாய் ஓயாத எங்கள் ஊரில், ஒரு குழந்தை தெருவில் நடந்தால் தெரு முழுக்க அடுத்தவர் பேசட்டும் என்று காத்திருக்கிற ஒரு பழக்கம் இப்படித்தான் வந்தது. வேறு ஊரில் இது வந்திருந்தால் டிவிக்காரர்கள் வந்திருப்பார்கள், எங்கள் ஊருக்கும் வந்தார்கள், கேமராவுக்கு முன்னால் வளவளவென்று பேசிக்கொண்டே இருந்ததால் அவர்கள் வாயில் ஒன்றும் வரவில்லை, திரும்பிப் போய்விட்டார்கள்.

இதை வைத்துக் கொஞ்சம் குறும்பும் நடக்கத்தான் செய்தது. மாமியாரிடம் ரசத்தில் உப்பு இல்லை என்று சொல்லிவிட்டு, நான் சொல்லலீங்க அத்தை, மிதுலா இந்தப் பக்கம் வந்துச்சு என்று தப்பித்துக்கொண்ட மருமகள்கள் உண்டு. மாமியார்களும் லேசுப்பட்டவர்களா, வாசலில் வந்து தெருவை இரண்டு பக்கமும் பார்ப்பார்கள்.

இத்தனை வாய்களில் வந்த சொல், பெற்றவள் வாயில் மட்டும் வரவில்லை. சுகந்தி மிதுலாவை விட்டு அரை அடி விலகாதவள், ஆனால் அவள் வாய் ஒரு நொடியும் சும்மா இருந்ததில்லை. குழந்தை பிறந்து பேச்சு வராது என்று தெரிந்த நாளிலிருந்து அவள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். என்ற புள்ளைக்குப் பால் புடிக்காதுங்க, அதுக்குச் சத்தம் ஆகாதுங்க, அது இப்ப சிரிக்குது பாருங்க, உங்க சட்டை புடிச்சிருக்குது அதுக்கு என்று டாக்டரிடமும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடமும் எடைபோடும் மெஷின்காரனிடமும் சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்படிப் பேசாமல் விட்டால் தன் மகளுக்குள்ளே ஒன்றுமே இல்லை என்று உலகம் முடிவு கட்டிவிடும் என்று அவளுக்குப் பயம். அது பொய்ப் பயமும் இல்லை, அப்படி முடிவு கட்டியவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர்களில் முதல் ஆள் அவளுடைய நாத்தனார் கஸ்தூரி, இதை எங்காவது ஆசிரமத்தில் விட்டுவிட்டு இன்னொன்றைப் பெற்றுக்கொள் என்று ஒரு விசேஷ வீட்டில் எல்லோருக்கும் முன்னால் சொன்னவள். அந்தக் கஸ்தூரி ஒருநாள் வீட்டுக்கு வந்து, சுகந்தி உள்ளே காபி போட்டுக்கொண்டே பேசிக்கொண்டிருந்தபோது, முற்றத்தில் மிதுலாவுக்குப் பக்கத்தில் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தாள். மிதுலா தொட்டாள். அம்மா வேணும் என்று கஸ்தூரியின் வாய் சொன்னது.

கஸ்தூரி அழுதுவிட்டாள், தம்பி பொண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். சுகந்தியும் அழுதாள், ஆனால் வேறு காரணத்துக்காக. தன் மகள் தன்னைக் கூப்பிட்ட முதல் அம்மாவை அவள் நாத்தனார் வாயிலிருந்துதான் கேட்க வேண்டியிருந்தது. குழந்தைவேலு வாயில்கூடத் தூக்கம் என்று ஒருமுறை வந்துவிட்டது, அவன் ஷிப்டு முடிந்து வந்தவன் அப்படியே மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கூடம் முழுக்க நடந்தான். தனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று சுகந்தி எல்லோரிடமும் கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் வாயை மூடினால் வரும் என்று அவளிடம் சொல்கிற தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை, எல்லோரும் பாக்கலாமுங்க என்றோம்.

அவ்வருஷம் மாரியம்மன் நோம்பி நெருங்கியது. விழாக் கமிட்டி கூடி, மேடையில் மிதுலாவை உட்கார வைத்து, சால்வை போர்த்தி, ஊர் மொத்தத்தையும் வாய் மூடி நிற்கச் சொல்லி, அவள் வணக்கம் என்ற படத்தைத் தொட, ஊரே ஒரே வாயாக வணக்கம் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தது. அதற்கு ஒத்திகையாகவும், அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து விருந்தாளிகளாக வேனில் வந்த ஒறம்பரைகளுக்குக் காட்டுவதற்காகவும், தினமும் வீட்டு முன்னால் கூட்டம் சேர்ந்தது. கூட்டத்தைப் பார்த்தவுடன் மிதுலாவின் விரல் மூலைக் கட்டத்துக்குப் போகும். அவள் தொடுவாள், முன்வரிசை மொத்தமும் வணக்கம் என்னும். அவள் இன்னும் அழுத்தித் தொடுவாள், இரண்டு வரிசையும் வணக்கம் வணக்கம் என்னும். அவள் குத்துவாள், நகம் சிவக்கச் சிவக்கக் குத்துவாள், கூட்டம் முழுக்க வணக்கம் வணக்கம் வணக்கம் என்று நாக்கில் குளிர்ச்சி பரவ நின்று, எவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளை என்று மெய்மறந்து, இன்னும் கொஞ்சம் கிட்டே வரும். அந்தக் கட்டத்தின் அடியில் டீச்சர் ஒட்டிய உள்ளங்கை இருப்பதும், அவள் விரலுக்கு அந்த இடம்தான் தெரியும், மேலே ஒட்டிய படம் தெரியாது என்பதும் எங்களுக்கு எப்படித் தெரியும். தெரிந்த ஒருத்தியும் அதை மறந்து, பெருமையில் பூரித்து, என்ற புள்ளைக்கு எல்லாருக்கும் வணக்கம் சொல்றதுன்னா அத்தனை ஆசைங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒருநாள் மிதுலா தொடுவதை நிறுத்திவிட்டாள். பன்னும் கேட்கவில்லை, தண்ணீரும் கேட்கவில்லை, அட்டையைக் கழுத்தில் மாட்டினால் முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அவள் சிரிப்பும் நின்றுவிட்டது. எங்கள் வாய்கள் வெறும் வாய்களாயின. பேக்கரியில் ரங்கராஜ் ஒரு தேங்காய் பன்னை எடுத்து வைத்துவிட்டு மாலையில் காக்கைக்குப் போட்டார், மயில்சாமி சைக்கிளை அவள் வீட்டு முன்னால் வேண்டுமென்றே மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனார், ஒன்றும் வரவில்லை. சுகந்திக்கு உயிரே போய்விட்டது. இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த பேச்சு, தன் வாயில் ஒரு சொல்கூட வராமலே போய்விட்டதே என்று ராப்பகலாகப் புலம்பினாள், அட்டையை மகளின் கையில் திணித்தாள், கெஞ்சினாள், இப்படித் தொடு சாமி, இது பன்னு, இது தண்ணி என்று விரலைப் பிடித்து இழுத்தாள். மிதுலா விரலை மடக்கிக்கொண்டாள்.

அப்பன் சொன்னாலாவது கேட்பாளா என்று, ஒரு மத்தியானம் மகளை இழுத்துக்கொண்டு குழந்தைவேலு தறி ஓட்டும் கூடத்துக்குப் போனாள். மிதுலாவுக்கு அந்தக் கூடம் புதிதில்லை, சுகந்தியும் அங்கே தறி ஓட்டிய காலத்தில் தறிகளுக்கு நடுவில் கட்டிய தூளியில் வளர்ந்தவள்தான். கூடத்து வாசலில் கை கழுவுகிற தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. மிதுலா அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி அதற்குள் போட்டாள். போட்டுவிட்டு விறுவிறுவென்று உள்ளே நடந்தாள். சுகந்தி அய்யோ என்று பின்னாலேயே ஓடினாள், ஏன் சாமி இப்படிப் பண்றே, அது உன்ற பேச்சு, அம்மா சொல்றதைக் கேளு என்று வாய் ஓயாமல் ஓடினாள், தறிகளின் இரைச்சலில் அவள் சொன்னதில் ஓர் எழுத்தும் யார் காதிலும் விழவில்லை.

தறிக்கூடத்தில் பேச்சு கிடையாது, கைதான். நூல் தீர்ந்தால் ஒரு கை, டீ வந்தால் ஒரு கை, முதலாளி வந்தால் ஒரு கை. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காகப் பிடித்தால், யாருடைய முந்தானையோ தலைமுடியோ விரலோ மாட்டிக்கொண்டது, இருக்கிற தறியெல்லாம் நிறுத்து என்று பொருள். அதைப் பார்த்தவன் ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது, முதலில் தறியின் கைப்பிடியைத் தட்டி நிறுத்த வேண்டும், கேட்பதெல்லாம் பிறகு. மிதுலா கூடத்தின் நட்டநடுவில், தறிகளுக்கு இடையே, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் போய் நின்றாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள். குறுக்காகப் பிடித்தாள்.

தறிகள் நின்றன. ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று, அந்த வரிசை, அடுத்த வரிசை என்று கூடம் முழுக்க நின்று, அந்த அமைதி கதவைத் தாண்டி வீதிக்குப் போக, என்னமோ ஆகிவிட்டது என்று பக்கத்துக் கூடங்களிலும் தறிகளை நிறுத்தினார்கள், அவர்களைப் பார்த்து அடுத்த வீதிக்காரர்கள் நிறுத்தினார்கள். எங்கள் ஊரில் குருவிகள் இருக்கின்றன என்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. எல்லோரும் கூடத்து வாசலில் வந்து குவிந்து, யார் மாட்டிக்கொண்டது, எங்கே அடிபட்டது என்று தேடினார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நடுவில் மிதுலா மட்டும் கையை இறக்காமல் நின்றிருந்தாள்.

சுகந்தி வழக்கம்போல் ஆரம்பித்தாள். "ஒண்ணுமில்லீங்க, அது பயந்துக்குச்சுங்க, அதுக்குச் சத்தம்…"

மிதுலா கையை இறக்கி, அம்மாவின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். அடிக்கவில்லை, கோபிக்கவில்லை, பொத்தியது பொத்தியபடி அம்மாவின் கண்ணையே பார்த்தாள். சுகந்தியின் சொல் உள்ளேயே நின்றுவிட்டது.

அதற்குள் குழந்தைவேலு தொட்டியில் கைவிட்டு அட்டையை எடுத்திருந்தான். மைதாப் பசை ஊறி, கைகூப்பிய பெண் தனியே கழன்று தண்ணீரில் மிதந்தாள். மூலைக் கட்டத்தில் டீச்சர் ஒட்டிய உள்ளங்கை, பிளாஸ்டிக் உறைக்குள் நனையாமல், பளிச்சென்று இருந்தது. மிதுலா அட்டையை வாங்கி அதைத் தொட்டாள். குழந்தைவேலு வாய் வேண்டாம் என்றது. மறுபடி தொட்டாள். வாசலில் நின்ற சின்னச்சாமியும் மயில்சாமியும் கமிட்டிக்காரர்களும் தறிக்காரர்களும், கூட்டம், சால்வை, மேடை, தினசரி ஒத்திகை, அத்தனைக்கும் சேர்த்து, மரியாதை ஒட்டாத பச்சைச் சொல்லாக, வேண்டாம் என்றார்கள். நாக்கில் அதே குளிர்ச்சி வந்தது, ஆனால் இந்த முறை எங்களில் பலருக்குக் கண்ணிலும் தண்ணீர் வந்தது. எத்தனை நாளாக இந்தப் பிள்ளை இதையே சொல்லிக்கொண்டிருந்தது, நாம் வணக்கம் வைத்துக்கொண்டிருந்தோம் என்று சின்னச்சாமி மெதுவாகச் சொன்னார்.

சுகந்தி மகளின் கை பட்ட வாயைத் திறக்காமல், அவளைக் கட்டிக்கொண்டு தறிக்கூடத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப்போல் எங்கள் ஊர் எந்த நோம்பிக்கும் கொண்டாடியதில்லை. மிதுலா வேண்டாம் என்று சொல்லக் கிளம்பிவிட்டாள். குளிக்க வேண்டாம், எண்ணெய் வேண்டாம், இட்லி வேண்டாம், இன்னொரு இட்லியும் வேண்டாம், கன்னத்தைக் கிள்ள வந்த போஸ்ட்மேனின் விரல் வேண்டாம், கிள்ள வந்த போஸ்ட்மேன் வாயே அதைச் சொல்லிற்று. சொல்லிவிட்டுத் தெருக்கோடி வரைக்கும் கேட்கச் சிரித்தாள். யாரும் கோபப்படவில்லை, திமிர் என்று யாரும் சொல்லவில்லை, ஒரு வேண்டாம் கிடைத்தவர்கள் அதை விருந்து சாப்பிட்டதுபோல் பேக்கரியில் வந்து சொல்லிக்கொண்டார்கள். போகப்போக அந்தச் சொல்லின் ருசி வாயில் தங்கிவிட்டது. மூன்றாவது ஷிப்டுக்கும் கூப்பிட்ட முதலாளியிடம் ஒரு தறிக்காரர், பாப்பா பக்கத்தில் இல்லாதபோதே, வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம் சலூன்காரர் மகள் வேண்டாம் என்று சொன்னாள், எல்லோரும் தெருவை எட்டிப் பார்த்தார்கள், தெருவில் மிதுலா இல்லை, சொன்னது தான்தான் என்று அந்தப் பெண்ணே சொன்னாள். பாக்கலாமுங்க என்பதை நாங்கள் விட்டுவிடவில்லை, ஆனால் அதைச் சொன்னால் உண்மையிலேயே பார்ப்பது என்று ஆகிவிட்டது.

சுகந்தியும் மாறத்தான் செய்தாள். அட்டைபோலவே இன்னொன்று செய்து தன் கழுத்திலும் மாட்டிக்கொண்டாள், சோறு வேணுமா என்று கேட்டால் கேட்டபடியே படத்தையும் தொட்டுக் காட்டினாள், காட்டிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். யாராவது பாப்பாவுக்கு என்ன வேணும் என்று அவளிடம் கேட்டால், அவளையே கேளுங்க என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அதற்கு அவள் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சொல் அவள் வாயில் வரவில்லை. வாய் மூடியிருந்தாலும் உள்ளே அடுத்த வாக்கியம் வரிசையில் நிற்கிறது, அதனால்தான் என்றார் ரங்கராஜ். போகட்டும் விடுங்க, புள்ள பேசறதே போதும் என்று சுகந்தி சொன்னாள், போதவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது.

நோம்பியும் வந்தது. மேடையில் சால்வை இல்லை, மைக்கில் நன்கொடை கொடுத்த ஊர்க்காரர்களின் பெயர்களும் காணாமல்போன ஒரு சிறு குடையின் அடையாளமும் மட்டும் சொன்னார்கள். கோயில் மைதானத்தில் வளையல் கடை, மிளகாய் பஜ்ஜி, பலூன், எல்லாவற்றையும் தாண்டி பனை உயரத்துக்கு ஒரு ராட்டினம். வெளிச்சம் இன்னும் மிச்சமிருக்கும் சாயங்காலத்தில் மிதுலா அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். பிறகு அம்மா என்ற படத்தைத் தொட்டாள், வா என்ற படத்தைத் தொட்டாள். பக்கத்தில் பஞ்சுமிட்டாய் விற்றவர் அம்மா வா என்றார்.

சுகந்திக்கு மாடிப்படி ஏறினாலே தலை சுற்றும். கஸ்தூரி கூட்டிக்கொண்டு போகட்டுமே, அப்பா வரட்டுமே என்று என்னென்னவோ சொல்ல வாயெடுத்தாள், மகளின் விரல் இன்னும் அம்மா என்ற படத்தின் மேலேயே இருந்ததைப் பார்த்தாள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். ராட்டினத் தொட்டி ஆடியது, மடிக்குக் குறுக்கே கம்பி விழுந்தது, ராட்டினம் கிளம்பியது. கீழிருந்து நாங்கள் பார்த்தோம். முதல் சுற்றில் சுகந்தி மாரியம்மனையும் குழந்தைவேலுவையும் ராட்டினக்காரனின் பரம்பரையையும் கூப்பிட்டுக்கொண்டே மேலே போனாள். உச்சிக்குப் போனபோது ஊர் மொத்தமும், தறிக்கூடங்களின் தகரக் கூரைகளும் பேக்கரி விளக்கும் கோபுரமும், அவள் காலுக்கடியில் போய்விட்டது. அங்கே அவளுக்குக் குரல் நின்றது. நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, மனசில் ஒரு வாக்கியம் இல்லை, ஒரு சொல் இல்லை, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த வாய் உள்ளும் புறமும் ஓய்ந்துபோயிருந்தது.

ராட்டினக்காரன் வெளியூர்க்காரன், ஆனாலும் இரக்கமுள்ளவன். அவள் தொட்டி கீழே வந்தபோது முகத்தைப் பார்த்துவிட்டு, ராட்டினத்தை நிறுத்தினான்.

"பயமா இருக்குதுங்களாக்கா? எறக்கி வுட்டுறட்டுங்களா?"

எறக்கி வுடுங்க சாமி என்று கும்பிட்டுச் சொல்லத்தான் சுகந்தி வாயைத் திறந்தாள். அவள் நாக்கின் அடியில் ஏதோ குளிர்ந்தது.

"இன்னும்," என்றது அவள் வாய்.

மிதுலாவின் விரல் அட்டையில் இருந்தது. ராட்டினக்காரன் தலையாட்டிவிட்டு நெம்புகோலைத் தள்ளினான். சுகந்தி கம்பியிலிருந்து ஒரு கையை மெல்ல எடுத்து, தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தொட்டி மறுபடி மேலே ஏறத் தொடங்கியது, அவள் கண்ணை மூடவில்லை, சாமியைக் கூப்பிடவில்லை, மகள் பக்கம் திரும்பி வாயைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.